வண்டிக்கு முன்னால் வந்த தள்ளுபடி

போன ஆடி மாதம் எங்கள் அப்பா சொந்தமாக ஒரு லாரி வாங்கினார். அதில் என் பங்கு சிறியது. ஷோரூமில் இரண்டு சலுகை சொன்னார்கள். எது லாபம் என்று நான் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

லாரி என்றதும் பன்னிரண்டு சக்கரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு சக்கரம், முட்டை ஏற்றுகிற வண்டி. எங்கள் ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். அதுவரை அப்பா இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வண்டியில் முட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

அந்த வருடம் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். சொந்த வண்டி எடுத்தால், ஆவணி ஒன்றாம் தேதியிலிருந்து பண்ணை லோடு முழுவதும் அப்பாவுக்கு. இல்லாவிட்டால் ராசிபுரத்துக்காரர் ஒருவர் வண்டியோடு தயாராக நிற்கிறார்.

அப்படியென்றால் ஆடியிலேயே வண்டி எடுத்தாக வேண்டும். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். ஆடிப் பதினெட்டு மட்டும் விலக்கு. ஆக, எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு நாள்.

ஆடி பிறந்த முதல் வாரமே சேலம் பைபாஸில் இருக்கும் ஷோரூமுக்கு அப்பாவும் நானும் போனோம். டை கட்டிய விற்பனையாளர், என் வயதுதான் இருக்கும், வேகமாகப் பேசினார். கையில் ஆங்கில நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார்.

ஒன்று, ரிபேட். விலையில் எழுபதாயிரம் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் மீதிப் பணத்தை நாங்களே கட்ட வேண்டும், அல்லது வேறு வங்கியில் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டும். இரண்டு, கம்பெனியின் சொந்த ஃபைனான்ஸ். இரண்டு வருடத்துக்கு வட்டியே கிடையாது. ஆனால் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இரண்டையும் சேர்த்துத் தர மாட்டார்கள். ஆடிப் பதினெட்டோடு இரண்டும் முடிகிறது.

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "என்ற புள்ள பி.காம் படிச்சிருக்குதுங்க. அது பாத்துச் சொல்லுமுங்க," என்றார்.

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். டீ கொண்டுவந்தவரும் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். அங்கே என் வேலை பெரும்பாலும் பில்களைத் தேதி வாரியாக அடுக்குவது. இது அப்பாவுக்குத் தெரியாது. நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

கேட்ட அவகாசத்தை வீணாக்கவில்லை. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். முதல் தாளில் ரிபேட் ஜெயித்தது. பத்திரச் செலவைச் சேர்த்தேன், வட்டியில்லாக் கடன் ஜெயித்தது. இன்சூரன்ஸை மாற்றிப் போட்டேன், மறுபடி ரிபேட். பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். ஏழு தாள் வந்தது. இரண்டு வருடத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். ரிபேட்தான் மேல்.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது.

டிஸ்கவுண்ட் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அந்த வார்த்தை தெரியாதவர் கிடையாது. அம்மா தக்காளிக்கே டிஸ்கவுண்ட் கேட்பார். ஆனால் படித்த பெண் கொஞ்சம் நல்ல தமிழில் விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, ஒண்ணு தள்ளுபடி. இன்னொண்ணு வட்டியில்லாக் கடன். கணக்குப் பாத்தா தள்ளுபடிதான் நல்லது."

அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "தள்ளுபடியா? தனியார் கம்பெனிக்காரனே பண்றானா?"

"ஆமாப்பா. ஆடிப் பதினெட்டு வரைக்கும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பிறகு மெதுவாக, "அப்பக் கடனயே வாங்கிப்போடலாம் சாமி," என்றார்.

நான் தள்ளுபடி நல்லது என்கிறேன், அவர் கடன் வாங்கலாம் என்கிறார். எனக்கு இது முரணாகப் படவில்லை. அப்பாவுக்கு வட்டியில்லாதது பிடித்திருக்கிறது, வித்தியாசம் வெறும் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம், போகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், முடிவை அவரே எடுத்ததில் எனக்கு நிம்மதி.

ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடி என்று எழுதியிருந்தால் அது விலைக்குறைப்பு. காடு தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் தள்ளுபடி என்றால் அது கடன் தள்ளுபடி. கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனை இனிக் கட்ட வேண்டாம் என்று அரசாங்கம் சொல்வது. எங்கள் அப்பா ஜவுளிக்கடைக்குப் போவதில்லை.

எடப்பாடியில் இருக்கிற என் தாய்மாமாவுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் மாறிவிடும். ஒருமுறை அவர் இரண்டு மாட்டை விற்றுப் பயிர்க்கடனை ஒழுங்காக அடைத்தார். அடைத்த ஒன்பதாம் நாள் தள்ளுபடி அறிவித்தார்கள். கட்டாதவர்கள் ஊரில் வெடி வெடித்தார்கள். மாமா அன்று சாப்பிடவில்லை. அதன் பிறகு வீட்டில் யார் எந்தக் கடன் வாங்கினாலும், "அவசரப்பட்டுக் கட்டிப்போடாதீங்க," என்பதுதான் அவர் சொல்லும் ஒரே புத்திமதி.

அந்த மாமாவுக்கு அப்பா அன்றைக்கே போன் பண்ணியிருக்கிறார்.

மறுபடி ஷோரூமுக்குப் போனபோது மாமாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒரு மேஜையில் எட்டுப் பக்க விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் லைசென்ஸில் இன்னொரு மாதிரியும் இருந்தது. அந்தக் கவலையில் மூழ்கியிருந்தேன். அடுத்த மேஜையில் மாமாவும் விற்பனையாளரும் பேசியது என் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை.

"தள்ளுபடி நெசமாலுமே உண்டுங்களா தம்பி?"

"உண்டுங்க. ஹெட் ஆபீஸ்ல இருந்தே ஆர்டர் வந்துருச்சுங்க."

"அப்பக் கடன் எழுதிக்குங்க."

"கடன் எடுத்தீங்கன்னா தள்ளுபடி கெடையாதுங்களே."

மாமா சிரித்தார். "கடனே வாங்காதவனுக்கு எதத் தம்பி தள்ளுபடி பண்ணுவீங்க?"

விற்பனையாளர் யோசித்தார். அவருக்குக் கொடுத்த பயிற்சியில் இந்தக் கேள்வி வந்திருக்காது. வாடிக்கையாளரை மறுத்துப் பேசக்கூடாது என்பது மட்டும் வந்திருக்கும். "அதும் சரிதானுங்க," என்றார்.

மாமா அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் எட்டாம் பக்கத்தில் கையெழுத்து வாங்கினேன்.

நான்கு நாள் கழித்து ஃபைனான்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்த்து விசாரிக்க வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். வீடு சொந்தமா, எத்தனை வருடமாக வண்டி ஓட்டுகிறீர்கள், பண்ணையில் எவ்வளவு வாடகை கிடைக்கும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அப்பா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியாக, தவணை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஒரு மூணு மாசம் பல்லக் கடிச்சுட்டுக் கட்டிப்போடறேனுங்க. அப்பறந்தான் தள்ளுபடி ஆயிருமுங்களே."

யார் சொன்னது என்று அவர் கேட்க, அப்பா பெருமையோடு என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

ஆபீஸில் பில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. ஃபைனான்ஸ் ஆபீஸ் என்றதும் எழுந்து நின்றுகொண்டேன்.

"உங்கப்பாகிட்டத் தள்ளுபடியப் பத்திச் சொன்னது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க சார்."

"கண்டிப்பா வரும்னே சொன்னீங்களா?"

"ஆமாங்க சார். நோட்டீஸ்லயே இருக்குதுங்க."

"அதெல்லாம் மனசுல வெச்சுத்தான் இந்தக் கடனுக்குப் போட்டிருக்கீங்க?"

"எல்லாத்தையும் வெச்சுப் பாத்துத்தானுங்க சார் முடிவு பண்ணினோம். நான் எக்செல்லயே போட்டு வெச்சிருக்கேன். ஏழு ஷீட்டு. அனுப்பட்டுங்களா?"

அந்தப் பக்கம் கீபோர்டில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வேண்டாமுங்க," என்று வைத்துவிட்டார்.

பாராட்ட வார்த்தை வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நான் வேலை முடிந்து பஸ் இறங்கி வந்தால், வீட்டு வாசலில் செருப்பாகக் கிடந்தது. உள்ளே அக்கம் பக்கத்து ஆட்கள், எடப்பாடி மாமா, நடுவில் ஒரு தட்டு நிறைய லட்டு. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார்.

அம்மா என்னைப் பார்த்ததும் ஒரு முழு லட்டை எடுத்து என் வாயில் வைத்துவிட்டார். மாமா மட்டும் கொஞ்சம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். "வண்டி ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தள்ளுபடி வாங்குனவன் நீ ஒருத்தந்தான் மாப்ள," என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா தன் போனை என்னிடம் நீட்டினார். ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து தமிழில் குறுஞ்செய்தி.

"தங்கள் கடன் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது."

நிராகரிக்கப்பட்டது என்று போட்டிருக்கலாம். அந்தக் கம்பெனியிலும் என்னைப் போலவே யாரோ ஒருவர் நல்ல தமிழில் விளக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஷோரூமில் மாமா கேட்டது, ஆபீஸுக்கு வந்த போன், அப்பா அன்று சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தது, எல்லாம். ஆனால் உடனே சொல்ல முடியவில்லை. வாயில் லட்டு. அதை மென்று முடிக்கும் வரை எல்லோரும் என்னைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு மெதுவாக நான் எதையும் மென்றதில்லை.

"அப்பா, தள்ளுனது கடனை இல்லப்பா. விண்ணப்பத்தை."

"அப்பக் கடன்?" என்றார் மாமா.

"கடன் கெடையாதுங்க மாமா."

பக்கத்து வீட்டுக்காரர் பாதி கடித்த லட்டைச் சத்தமில்லாமல் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

தள்ளுபடி என்று நான் சொன்னது என்ன, அவர்கள் புரிந்துகொண்டது என்ன என்பதை விளக்கி முடிப்பதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. "அப்ப லோடு ராசிபுரத்துக்காரனுக்குத்தான்," என்றார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "நாந்தான் அந்த ஆபீசருகிட்டத் தப்பாப் பேசிப்போட்டனா சாமி?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "இல்லப்பா. நான்தான் தப்பான வார்த்தையச் சொல்லிட்டேன்," என்றேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, நானும் அப்பாவும் சேலத்தில் ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போனோம். நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த மேலாளர் பொறுமையாகக் கேட்டார். ஒருமுறை நிராகரித்துவிட்டால் ஆறு மாதத்துக்கு மறுபடி எடுக்க முடியாது, கம்ப்யூட்டர் விடாது என்றார். வேண்டுமானால் நீங்களே பாருங்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: "திருப்பிக் கட்டும் எண்ணம் இல்லை. மகள் (பி.காம்) தொலைபேசியில் உறுதி செய்தார்."

அடைப்புக்குறிக்குள் என்றாலும் பட்டத்தைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு எட்டு நாள் இருந்தது. வட்டியில்லாக் கடன் போய்விட்டது. மிச்சம் இருந்தது ரிபேட் மட்டும். அதற்குப் பாதிப் பணம் அப்பாவிடம் இருந்தது. மீதிக்கு என் சம்பளக் கணக்கு இருக்கும் நாமக்கல் வங்கிக்குப் போனோம். அப்பாவோடு சேர்ந்து நானும் கடன்தாரராகக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. மாமாவும் துணைக்கு வந்தார். வர வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

வங்கி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன் உங்கள் கடன் விண்ணப்பம் எங்காவது நிராகரிக்கப்பட்டிருக்கிறதா?

"இல்லைன்னு போடு கண்ணு," என்றார் மாமா. "அவியளுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பொய் எழுதினால் கை வேர்க்கும். ஆம் என்று போட்டேன். காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். தனியாக ஒரு தாள் எடுத்து, முதல் நாள் ஷோரூமில் ஆரம்பித்து லட்டு வரைக்கும், பத்தி பிரித்து எழுதி இணைத்தேன்.

மேலாளர் ஒரு அம்மா, மெட்ராஸ்காரர். அந்தத் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு உதவி மேலாளரைக் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தார். அவர் படிக்கும்போது தோள் குலுங்கியது. கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல, முன்னாடி ஏன் கடன் கிடைக்கலைன்னு யாரும் இவ்வளவு விவரமா எனக்கு எழுதித் தந்ததில்லம்மா," என்றார் மேலாளர். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. தவணை கட்டுவீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"கட்டிப்போடுவேனுங்க."

"எது வரைக்கும்?"

"கடைசி வரைக்குமுங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

வங்கி கடனை முடித்துத் தர எடுத்துக்கொண்ட ஆறு நாளும் நான் ஆபீஸில் எந்த பில்லையும் சரியான தேதியில் அடுக்கவில்லை. ஆடிப் பதினேழு சாயங்காலம் நாலு மணிக்கு ஷோரூமுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. நல்லவேளை.

ஆடிப் பதினெட்டு காலையில் வண்டியை எடுத்தோம். மாலை, எலுமிச்சை, சூடம் எல்லாம் முடிந்ததும் விற்பனையாளர் பில்லைக் கொண்டுவந்து, "தள்ளுபடி போட்டாச்சுங்க," என்று மாமாவிடம்தான் நீட்டினார். அன்று பேசிய பழக்கம்.

மாமா பில்லை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "எழுபதாயிரந்தானா?"

"ஆமாங்க."

"மீதி?"

"மீதி நீங்க கட்டணுமுங்க."

மாமா பில்லை என் கையில் கொடுத்தார். "இதுக்குப் பேரு டிஸ்கவுண்டு. இத மொதல்லயே டிஸ்கவுண்டுன்னு சொல்றதுக்கு என்ன கண்ணு? அதுக்கு எதுக்குக் காலேசுக்குப் போகோணும்?"

பில்லை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். 

ஆவணி ஒன்றாம் தேதி அப்பா தன் வண்டியில் முதல் லோடு ஏற்றப் போனார். நடந்த கதை அவருக்கு முன்பே பண்ணைக்குப் போய்விட்டிருந்தது. எங்கள் பக்கம் முட்டையைவிடச் செய்தி வேகமாகப் போகும். பண்ணைக்காரர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்: வாடகையை லோடுக்கு லோடு கையில் வாங்கிக்கொள்கிறாயா, இல்லை மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறாயா? மொத்தமாக என்றால் லோடுக்கு நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன்.

அப்பா வழக்கம்போல, "என்ற புள்ளயக் கேட்டுப்போட்டு வாரேனுங்க," என்று சொல்லியிருக்கிறார்.

பண்ணைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாராம். "நூறும் சேத்தித் தர்றேன், லோடுக்கு லோடும் தர்றேன். நீ புள்ளய மட்டும் கேக்காத சாமி."

என் படிப்பால் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வருமானம், லோடுக்கு நூறு ரூபாய்.